மூன்றாம் வகுப்பு உயரம்

என் தம்பிக்கு மூளை இல்லை என்று எங்கள் வீட்டில் தீர்ப்புச் சொன்னபோது அவனுக்குப் பத்து வயது. சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் ஐயா; பெற்ற தகப்பனை எங்கள் பக்கத்தில் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். மற்றவர் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார். அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக் குசினிக்குள் போய்விட்டார். நான் அவனைவிட இரண்டு வயது மூத்தவள். ஏழை சொல்லே அம்பலம் ஏறாதென்றால் பன்னிரண்டு வயதுப் பெட்டையின் சொல் எங்கே ஏறப்போகிறது?

அந்தத் தீர்ப்பு பொய். பச்சைப் பொய். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்குப் படிப்பு வந்தது, மற்றதுக்கு வரவில்லை. கடவுள் மூளையைப் பங்கு பிரித்துக் கொடுத்தார் என்று இன்றும் எங்கள் சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். பிரித்தது கடவுள் இல்லை. எங்கள் ஐயாவும் அம்மாவும்தான் பிரித்தார்கள். மூளையை அல்ல, எங்களை.

ஐயாவுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்புக் காணிகூடச் சொந்தமில்லை. குத்தகைத் தோட்டத்தில் புகையிலை நட்டு முதுகு கூனிப்போன மனிதர். ஐம்பதுகளுக்குச் சற்று முன்னால், வன்னியில் காடு வெட்டிக் குளத்துத் தண்ணீரோடு வயல் கொடுக்கிறார்கள் என்ற கதை வந்தது. ஐயா முதல் ஆளாகப் போய் நின்றார். எங்களுக்குக் கிடைத்த காணி கனகராயன்குளத்துக்கு அப்பால், கண்டி வீதியிலிருந்து காட்டுக்குள் நெடுந்தூரம் நடக்கும் ஒரு குடியேற்றத்தில். கொலனி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். காணி எடுத்தவன் பெண்சாதியோடு அங்கேயே குடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் காணி பறிபோய்விடும்.

கொலனியில் பள்ளிக்கூடம் இல்லை. ஆகவே அங்கே போன வீடுகளில் எல்லாம் ஒரு வழக்கம் உண்டாயிற்று. பள்ளிக்கூட வயது வந்த பிள்ளையை ஊரில் பெரியம்மாவோடோ மாமியோடோ விட்டுவிடுவார்கள். சின்னதை இடுப்பில் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போவார்கள். எனக்கு ஐந்து வயது முடிகிற தறுவாய். தம்பிக்கு மூன்று. என்னைப் பெரியம்மா வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு லொறியில் ஏறினார்கள். கன்றைப் பிரிக்கும்போதாவது தாய்மாடு கத்தும். எங்கள் வீட்டில் எல்லோரும் சந்தோசமாகத்தான் போனார்கள்.

நான் அரிவரிக்குப் போனேன். பள்ளிக்கூடத்தின் முதல் வகுப்புக்கு எங்கள் பக்கத்தில் அரிவரி என்று பெயர். அங்கே புத்தகம் இல்லை. ஒரு மூலையில் வெள்ளை மணல் பரப்பியிருக்கும். அரிவரி ரீச்சர் எங்கள் சுட்டுவிரலைப் பிடித்து அந்த மணலில் ஆனாவும் ஆவன்னாவும் எழுதிக் காட்டுவா. பிறகு நாங்களாக எழுத வேண்டும். பிழை போனால் உள்ளங்கையால் ஒரு தடவு, அவ்வளவுதான். புளியங்கொட்டை எண்ணினோம். காலையில் என்ன தின்றோம், வரும் வழியில் என்ன கண்டோம் என்று ஒவ்வொருவரும் எழும்பிச் சொல்ல வேண்டும். நான் ஒருநாள் ‘ஈ’யன்னாவுக்கு ஒரு வால் வைத்துவிட்டேன். வகுப்பு சிரித்தது. ரீச்சரும் சிரித்தா. நானும் சிரித்தேன்.

“வால் இருந்தா இது ஈ இல்லைப் பிள்ளை, மாடு. அழிச்சுப்போட்டு எழுதுங்கோ பாப்பம்,” என்றா.

இதை ஒரு படிப்பு என்று அப்போது நான் நினைக்கவில்லை. விளையாட்டு என்றுதான் நினைத்தேன். தெரியாது என்று வாய்விட்டுச் சொல்லலாம், பிழை விட்டால் தலை போகாது என்பதை நான் அந்த மணலில்தான் படித்தேன். எழுத்தைப் பிறகும் படிக்கலாம். இதைப் படிக்க ஒரு வயது இருக்கிறது. அந்த வயது போனால் போனதுதான்.

அந்த வயதில் என் தம்பி ஒரு கப்பில் கட்டுண்டு கிடந்தான்.

மிகைப்படுத்தவில்லை. வயலுக்கு நடுவே காவல் கொட்டில். அதன் கூரையைத் தாங்கும் நடுக் கப்பில் அம்மாவின் பழைய சேலை. அதன் மற்றத் தலைப்பில் என் தம்பி. ஐயாவும் அம்மாவும் விடிந்ததிலிருந்து களை பிடுங்குவார்கள், வரம்பு கட்டுவார்கள். கட்டினதற்காக நான் அம்மாவைக் கோபிக்கவில்லை. கட்டாமல் விட்டிருந்தால் வாய்க்கால் கொண்டுபோயிருக்கும், இல்லாவிட்டால் பாம்பு. பக்கத்து வயல்களிலும் கொட்டிலுக்குக் கொட்டில் ஒரு பிள்ளை கட்டியிருந்தது. என் கோபம் வேறு. அந்தக் கொட்டிலில் அவனோடு கதைக்க ஒரு சீவன் இல்லை. பொழுதுபட வீடு வருகிறவர்களுக்கு வாய் திறக்கவே பெலன் இராது. “தின்”, “படு”, “சத்தம் போடாதை” என்பதோடு வீட்டுக் கதை முடிந்துவிடும். பள்ளிக்கூட லீவுக்கு நான் போகும்போதெல்லாம் அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் சொன்ன கதையை அடுத்த நாள் ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்வான். அப்படி ஒரு ஞாபகம். சொந்தமாக ஒரு வசனம் சொல்லச் சொன்னால் கட்டி வைத்த ஆட்டுக்குட்டி மாதிரி விழிப்பான்.

ஐயா ஒன்றும் செய்யாமல் விட்டார் என்று சொன்னால் அதுவும் பிழை. முறை தவறாத மனிதர். தம்பிக்கு நாலு வயதில் விசயதசமிக்கு நாள் பார்த்து, எங்கள் வயலில் விளைந்த முதல் நெல்லைக் குத்தி, அந்தப் பச்சரிசியோடு லொறி பிடித்து யாழ்ப்பாணத்துக்கு வந்து கோயிலில் ஏடு தொடக்கினார். தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் ஐயர் அவன் விரலைப் பிடித்து எழுதினார். அவன் விரலை விடுவித்துக்கொண்டு அரிசியை அள்ளி வாயில் போட்டான். எல்லோரும் சிரித்தோம்.

“முறையாத் தொடக்கியாச்சு. இனி அது தன்பாட்டில வரும்,” என்றார் ஐயா.

விதைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கிற கமக்காரனை இதே ஐயா நாய்ப் பேச்சுப் பேசுவார். விதைத்த பிறகுதானே வேலை, தண்ணி மறிக்க வேண்டாமா, களை எடுக்க வேண்டாமா என்று வரம்பில் நின்று கத்துவார். நெல்லைப் பற்றி அவ்வளவு தெரிந்தவர், பிள்ளையின் விரலை ஒருநாள் அரிசியில் வைத்து எடுத்துவிட்டு ஐந்து வருடம் திரும்பிப் பார்க்கவில்லை.

இவனையும் என்னிடம் விடேன் என்று பெரியம்மா கேட்டவா. நான் பக்கத்தில் நின்றேன்.

“அவன் இன்னும் முளைச்சு மூண்டு இலை விடேல்லை அக்கா. அதுக்குள்ள என்ன படிப்பு? கொஞ்சக் காலம் ஓடி விளையாடட்டும்,” என்றார் அம்மா.

ஓடி விளையாடட்டுமாம். சேலை நீளத்துக்கு மேல் அவன் எங்கே ஓடினான்?

கொலனிக்குப் பள்ளிக்கூடம் வந்தபோது தம்பிக்கு ஒன்பது வயது. நாலு பக்கமும் அரைச்சுவர், மேலே தென்னங்கிடுகு. தலைமை வாத்தியார் குடாநாட்டிலிருந்து வந்தவர். அவரைத் தவிர வேறு வாத்தியார் இல்லை. கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். காய்ச்சலோடும் வந்து படிப்பித்தவர். ஆனால் அவருக்கு ஓர் அவசரம் இருந்தது. எங்கள் முற்றத்தில் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஐயாவிடம் சொன்னாராம்:

“அரிவரியை மட்டும் வச்சுக்கொண்டிருந்தா இதைப் பள்ளிக்கூடம் எண்டு ஒருத்தரும் மதிக்கமாட்டினம். ஐஞ்சு வகுப்புக் காட்டினாத்தான் இன்னொரு வாத்தியாரைத் தருவினம். உங்கட மூத்த பிள்ளையைக் கூப்பிடுங்கோ. ஐஞ்சாம் வகுப்புக்கு ஆள் வேணும்.”

அப்படித்தான் என்னை ஊரிலிருந்து கூப்பிட்டார்கள். ஐந்தாம் வகுப்புக்கு ஆள் சேர்ந்தது. மற்ற வகுப்புகளுக்கு?

கொலனியிலேயே வளர்ந்த பிள்ளைகள் ஒருவரும் பள்ளிக்கூட வாசல் மிதித்தவர்கள் அல்ல. ஐந்து வயதிலிருந்து பதினொரு வயது வரை எல்லாமே அரிவரிதான். அதோடு, பிள்ளைகள் இருக்க மேலிடத்திலிருந்து வந்து இறங்கிய வாங்குகளும் ஒரே அளவில் இல்லை. பாதி உயரம், பாதி கட்டை. வாத்தியார் இரண்டு சிக்கலையும் ஒரே அடியில் தீர்த்தார். பிள்ளைகளை வாசல் கப்பில் சாய்த்து நிறுத்தி, வெண்கட்டியால் கோடு போட்டார். முதல் கோட்டுக்குக் கீழே நின்றால் அரிவரி. அதற்கு மேல் ஒன்று, அதற்கு மேல் இரண்டு. வாங்கில் இருக்கும்போது கால் நிலத்தில் முட்டுகிறதா என்றும் பார்த்தார். செருப்புக் கடையில்கூட இதைவிடக் கவனமாக அளப்பார்கள்.

என் தம்பி அம்மாவின் பக்கம், நெட்டை.

“மூண்டாம் வகுப்பு உயரம்,” என்றார் வாத்தியார்.

வாசலில் நின்ற ஐயாவுக்கு முகமெல்லாம் பல். “பாத்தியே, அரிவரி, ஒண்டு, ரெண்டு, ஒண்டும் மினக்கெடாமல் நேரே மூண்டு,” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அன்று பருப்புக் கறியோடு அப்பளமும் பொரித்தார்.

சாப்பிடும்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “ஐயா, தம்பிக்கு ஆனா ஆவன்னா தெரியாதே,” என்றேன்.

“உனக்கேன் எரிச்சல்? அவன் ஏடு தொடக்கின பிள்ளை,” என்றார் ஐயா.

இதெல்லாம் வேடிக்கையாக இருக்கும். எனக்கு வேடிக்கை இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளை, ஓர் எழுத்துத் தெரியாமல், கையில் மூன்றாம் வகுப்பு வாசிப்புப் புத்தகத்தோடு உயர்ந்த வாங்கில் இருந்தான். அவனைச் சுற்றியிருந்த ஒன்றிரண்டு பிள்ளைகள் என்னைப்போல ஊரிலிருந்து கூப்பிட்டு வந்தவர்கள், நன்றாக வாசிப்பார்கள். என் தம்பி என்ன செய்வான்? அவனுக்குத் தெரிந்ததைச் செய்தான். காது கொடுத்துக் கேட்டான். மற்றவர்கள் வாசிப்பதை ஒருமுறை கேட்டால் போதும், அவனுடைய முறை வரும்போது புத்தகத்தை விரித்து, விரலை ஓடவிட்டு, தண்ணீர் மாதிரி ஒப்புவிப்பான். வாத்தியார் ஒரு பக்கத்தில் அரிவரிக்குக் கணக்கு எழுதிக்கொண்டே, மறுபக்கம் திரும்பாமல், “நல்லது, இரு,” என்பார். ஒரே ஆள், ஐந்து வகுப்பு. அவருக்கு எங்கே நேரம்?

வீட்டிலும் வாசித்தான். விளக்குக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டியிருந்து, மழையைப் பற்றிய ஒரு பாடம். நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். அந்தப் பாடத்தின் நடுத்தாள் புத்தகத்தில் இல்லை. முதல் நாள் எங்கள் வெள்ளாடு அதைத் தின்றுவிட்டது. நானே அதன் வாயிலிருந்து ஒரு துண்டை இழுத்து எடுத்தேன். தம்பி அந்த இடத்துக்கு வந்தான். நிற்கவில்லை. இல்லாத இரண்டு பக்கத்தையும் சொல் குறையாமல் வாசித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போனான்.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா வந்து கிழிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். அவருக்கும் எழுத்துத் தெரியாது. பிறகு கன்னத்தில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

“பாரன் பிள்ளை, புத்தகத்தில இல்லாததையும் வாசிக்கிறான். உன்னால ஏலுமே?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மறுநாள் வாய்க்கால் கட்டின்மேல் அவனைத் தனியாகப் பிடித்தேன். உனக்கு வாசிக்கத் தெரியாதென்று எனக்குத் தெரியும் என்றேன்.

“ஆருக்கும் சொல்லாதை அக்கா. நான் கெதியாப் பிடிச்சிடுவன்,” என்றான்.

பிடிக்கத்தான் பார்த்தோம், இருவருமாக. வாய்க்கால் கட்டு மணலில் என் அரிவரி ரீச்சர் செய்ததையெல்லாம் நான் அவனுக்குச் செய்தேன். விரலைப் பிடித்தேன். புளியங்கொட்டை கொண்டுபோனேன். ஐந்து வயதில் எனக்கு விளையாட்டாக இருந்தது ஒன்பது வயதில் அவனுக்கு மானக்கேடாக இருந்தது. யாராவது சைக்கிளில் வந்தால் காலால் மண்ணை இழுத்து மூடிவிட்டு மாடு தேடுகிற மாதிரி நிற்பான். ஓர் எழுத்துப் பிழைத்தால் முகம் கறுத்துவிடும். அழிச்சுப்போட்டு எழுது என்றால் எழுதமாட்டான், எழும்பிப் போய்விடுவான். தெரியாது என்ற சொல் அவன் வாயிலிருந்து வராது. மூன்றாம் வகுப்பு உயர வாங்கில் அவன் படித்த ஒரே பாடம் அது, தெரியாததை வெளியில் காட்டக்கூடாது என்பது.

வாத்தியாரிடமும் போனேன். பயந்து பயந்துதான் போனேன். தம்பியை அரிவரியில் விடுங்கோ என்று கேட்டேன்.

“வகுப்புப் பிரிச்சு மேலிடத்துக்கு அறிவிச்சாச்சு, பிள்ளை. இன்ஸ்பெக்டர் வந்து போகட்டும், பிறகு பாப்பம்,” என்றார்.

இன்ஸ்பெக்டர் நெல் அரிவி வெட்டு முடிந்த கையோடு வந்தார். வெள்ளைக் காற்சட்டை, மெல்லிய குரல். பிள்ளைகளுக்குப் பயம் தெளியட்டும் என்று எங்கள் கதையெல்லாம் கேட்டார். பிறகு கரும்பலகையில் மூன்று சொல் எழுதினார். வயல், வரம்பு, வாய்க்கால். எங்களுக்குப் பழகிய சொற்களாக இருக்கட்டும் என்று நல்ல மனதோடுதான் எழுதினார். மூன்றாம் வகுப்பு வாங்கில் தலை உயர்ந்து தெரிந்தவன் என் தம்பி. எழும்பச் சொன்னார்.

இதை அவன் காதால் கேட்டிருக்கவில்லை. யாரும் வாசித்துக் காட்டியிருக்கவில்லை. கரும்பலகையைப் பார்த்தபடி நின்றான். நான் சத்தம் வராமல் அந்த மூன்று சொல்லையும் வாயசைத்தேன். ஐந்தாம் வகுப்பு வாங்கு அவனுக்குப் பின்னால். என் வாயை அவனால் பார்க்க முடியாது. முன்வரிசையில், அரிவரியில், கொலனியில் கடை வைத்திருந்த முஸ்லிம் காக்காவின் மகள் இருந்தாள். வீட்டில் தகப்பன் மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்த குஞ்சுப் பிள்ளை. அவள் தன்பாட்டில், “வயல்,” என்றாள். பள்ளிக்கூடம் கொல்லென்று சிரித்தது.

“தம்பி அரிவரி எங்கை படிச்சவர்?” என்று இன்ஸ்பெக்டர் வாத்தியாரைப் பார்த்துக் கேட்டார்.

அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அந்த ஒரு கேள்விக்கு உண்மையான பதில் வந்திருந்தால் என் தம்பியின் சீவியம் வேறாக இருந்திருக்கும். எங்கும் படிக்கவில்லை, உயரம் பார்த்து விட்டேன் என்று அந்த மனிதர் சொல்லியிருக்கலாம். வாத்தியார் சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

“பெடியன் கொஞ்சம் மந்தம், ஐயா,” என்றார்.

இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த வாங்குக்குப் போனார். பள்ளிக்கூடத்துக்கு இரண்டாவது வாத்தியார் கிடைத்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வகுப்பும் ஒழுங்காக நடக்கிறதாம்.

அவர் போனபிறகு தம்பிக்குப் பிரம்படி விழுந்தது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று வாத்தியார் சொல்லிச் சொல்லி அடித்தார். ஐந்தில் இவனை வளைக்க யார் இருந்தார்கள் என்று கேட்க அந்தக் கொட்டகையில் ஒருவரும் இல்லை. அடுத்த நாள் அவனைக் கொண்டுபோய் அரிவரியில் இருத்தினார். கட்டை வாங்கு. முழங்கால் நாடியில் முட்டியது. கடைக்காரக் காக்காவின் மகள் பாவம், அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தாள். அவன் எழும்பி வெளியே நடந்தான். அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் அவன் பிறகு கால் வைக்கவில்லை.

அன்று பின்னேரம்தான் தீர்ப்பு. வாத்தியார் எங்கள் முற்றத்துக் கதிரையில் இருந்தார். அவனுக்கு மூளை காணாது, மாட்டைப் பார்க்கட்டும், பெட்டை கெட்டிக்காரி, அவளை விடாமல் படிப்பியுங்கோ என்றார். ஐயா ஓம் ஓம் என்றார். கொட்டிலுக்குப் பின்னால் தம்பி வைக்கோல் இழுத்துக்கொண்டிருந்தான். எல்லாம் கேட்கும் தூரம். அவனுக்குத்தான் ஒருமுறை கேட்டால் போதுமே.

என்னைத் திரும்ப ஊருக்கு அனுப்பினார்கள். நான் படித்தேன். சோதனைகள் பாஸ் பண்ணினேன். ஆசிரிய கலாசாலைக்கும் போனேன். அங்கே சின்னப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு வருமுன்பே பிள்ளை கேட்கும் பேச்சு, கைக்குக் கிடைக்கும் விளையாட்டு, பயமில்லாமல் விடும் பிழை, இவற்றின்மேல்தான் பிறகு வருகிற படிப்பெல்லாம் நிற்கிறது என்று படிப்பித்தார்கள். மற்றவர்கள் குறிப்பு எழுதினார்கள். என்னால் எழுத முடியவில்லை. அம்மாவின் பழைய சேலையும் அந்தக் கப்பும் கண்முன்னால் நின்றன.

லீவுக்குப் போய் ஐயாவோடு சண்டை பிடித்தேன். ஆம், பெற்ற தகப்பனோடு. நான் ஒன்றும் அடக்கமான பெண் இல்லை.

“ஒரே வயித்தில பிறந்த ரெண்டு பேர். ஒண்டுக்கு ஏறிச்சு, மற்றதுக்கு ஏறேல்லை. அது அவன்ர தலையெழுத்து. அதுக்கு நான் என்ன செய்ய?” என்றார் ஐயா.

“தலையெழுத்தோ? என்னை அரிவரியில விட்டியள், அவனைக் கப்பில கட்டினியள். இதை ஆர் எழுதினது? நீங்கள்தான் எழுதினியள்,” என்றேன்.

ஐயா அதன்பிறகு என்னோடு வெகுகாலம் கதைக்கவில்லை. அது போகட்டும். மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்த தம்பி தலையை நிமிர்த்தாமல் சொன்னதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

“விடு அக்கா. ஐயா சொல்லுறது சரிதானே. எனக்கு ஏறாது.”

இருபது வயது ஆம்பிளை. வன்மம் இல்லை, வருத்தம் இல்லை. மழை வராது என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். நான் இவ்வளவு காலமும் அவனுக்காக ஐயாவோடு மல்லுக்கட்டுகிறேன் என்று நினைத்திருந்தேன். அவன் எப்போதோ ஐயாவின் பக்கம் போய்விட்டான்.

அந்த மூளை இல்லாதவன் எப்படிச் சீவித்தான் என்று நான் கண்டிருக்கிறேன். பஸ் வந்தால் பலகையைப் பார்க்காமல் கொண்டக்டரோடு பகிடி விட்டுப் போகிற இடத்தை அறிந்துகொள்வான். ஆஸ்பத்திரியில் மருந்துத் துண்டைக் கொடுத்தால், “கண்ணுக்குள்ள தூசி விழுந்திட்டுது, ஒருக்கா வாசியுங்கோ,” என்பான். ஒரு தடவை கேட்டால் போதும், பிறகு மறக்கமாட்டான். சந்தியில் ஒருவர் பேப்பரை உரத்து வாசித்தால் முழுப் பேப்பரும் வீட்டுக்கு வரும். இதற்குச் செலவழித்த மூளையில் பாதியை எழுத்துக்குச் செலவழித்திருந்தால் அவன் என்னைப் படிப்பித்திருப்பான். சொன்னால் சிரிப்பான்.

அறுபதுகளின் நடுவில் எனக்கு அதே கொலனிப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. நானேதான் கேட்டு வாங்கினேன், அரிவரியை. படித்த பெட்டை, ஏன் குஞ்சுகளோடு மாரடிக்கிறாய், பெரிய வகுப்பை எடு என்று எத்தனையோ பேர் புத்தி சொன்னார்கள். பழைய வாத்தியார் மாற்றலாகிப் போயிருந்தார். கொட்டகைக்கு ஓடு போட்டிருந்தார்கள். நான் ஒரு பிள்ளையையும் கப்பில் சாய்த்து அளக்கவில்லை.

தம்பி இருபது முடியக் கலியாணம் முடித்திருந்தான். ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. பிள்ளையைப் பார்க்கப் போனபோது தம்பி அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தான். “என்னை அப்படியே உரிச்சு வச்சிருக்கு. இவனுக்கும் ஏறாது,” என்றான். பகிடி விடுகிறான் என்று நினைத்து நானும் சிரித்துவிட்டேன். முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியாத சிசு. அதன் தலைகூட இன்னும் நிற்கவில்லை.

பகிடி இல்லை. பிள்ளைக்கு ஐந்து வயதாகியும் அவன் பள்ளிக்கூடப் பேச்சே எடுக்கவில்லை. நானே போய்க் கேட்டேன்.

“விளையும் பயிர் முளையில தெரியும் எண்டு சும்மாவே சொன்னவை? என்ர பிள்ளையை நாலுபேர் சிரிக்க நான் விடமாட்டன் அக்கா,” என்றான்.

“நெல் விதைக்கிறவன் கதைக்கிற கதையே இது? முளையில தண்ணி கட்டாமல் விட்டுப்போட்டு விளைச்சலைப் பற்றிக் கதைக்கிறாய்,” என்றேன். அவன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான். அப்போது வேலியோரம் நின்ற மச்சாள், அவனுடைய பெண்சாதி, அதிகம் வாய் திறக்காதவள், “நான் கொண்டுவந்து விடுறன், நீங்கள் போங்கோ,” என்றாள்.

சொன்னபடி கொண்டுவந்து விட்டாள். குளிப்பாட்டி, தலை வாரி இழுத்து, திருநீறு பூசி, புதுக் காற்சட்டையோடு. எனக்கு அன்று காலையிலிருந்தே நிலத்தில் கால் படவில்லை. இந்த ஒன்றையாவது காப்பாற்றிவிட்டேன் என்று மனதுக்குள் ஐயாவுக்கும் வாத்தியாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளை அழவில்லை. தாய் போவதைப் பார்த்துவிட்டு வந்து ஒழுங்காகத் தன் இடத்தில் இருந்தான்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் சிலேட்டுக் கொடுத்துக்கொண்டு வந்தேன். அவனிடம் வந்து குனிந்து, ஒரு புதுச் சிலேட்டை மடியில் வைத்தேன். அவன் அதன் மரச்சட்டத்தை ஒருமுறை தடவிப் பார்த்தான். பிறகு உடைந்துவிடக்கூடாது என்ற கவனத்தோடு இரண்டு கையாலும் தூக்கி என்னிடமே திருப்பித் தந்தான்.

“எனக்கு ஏறாது மாமி, ஐயா சொன்னவர்,” என்றான். “ஏறுற பிள்ளைக்கு ஆருக்கும் குடுங்கோ.”